காட்டுயானம் முதுகுவலியைத் தீர்க்குமா?

இந்தக் கட்டுரையை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்தேன். எழுதினால் நம்ம ஆட்களில் சில பேருக்குக் கோபம் வரும். பரவாயில்லை. முதல் குற்றவாளி நான்தான் என்பதால், திட்டுகிறவர்கள் என்னிடமிருந்தே ஆரம்பிக்கலாம்.

வைகாசியில் நடந்த விதைத் திருவிழாவில் என் கடைக்கு ஒரு அம்மா தன் மகனோடு வந்தார். பையனுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயசு இருக்கும். தூரத்தில் நடந்து வரும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் ஒரு பையன் பலூன் விற்றுக்கொண்டு கூப்பிட்டான். இவன் கழுத்தைத் திருப்பாமல் முழு உடம்போடு திரும்பிப் பார்த்தான். முப்பது வருஷமாக நானும் அப்படித்தான் திரும்புகிறேன்.

"போன வருஷம் உங்ககிட்டதான் சார் பத்து கிலோ காட்டுயானம் வாங்கிட்டுப் போனோம். இந்தத் தடவை இருபது கிலோ வேணும்" என்றார் அம்மா.

"அவ்வளவு பிடிச்சுப் போச்சாம்மா?"

"பிடிக்குதோ இல்லியோ, இவனுக்கு மருந்து அதானே சார். இங்கிலீஷ் மாத்திரை எல்லாம் நிறுத்தி ஏழு மாசம் ஆச்சு."

பையன் ஒன்றும் பேசவில்லை. போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். போன வருஷம் என் கடையில் தொங்கிய அட்டைப் பலகை. என் கையெழுத்து. 'காட்டுயானம் – முதுகுவலி, மூட்டுவலி போக்கும். சொந்த அனுபவம்.'

முப்பத்தாறு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். எத்தனையோ பேரின் கடன் விண்ணப்பத்தில் 'தகவல் மறைக்கப்பட்டுள்ளது' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பலகையில் நான் மறைத்தது என்னவென்று எனக்குத் தெரியும். 2016-லிருந்து நான் ஊசி போட்டுக்கொள்கிறேன். முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று, இப்போது டாக்டர் சொல்லி இடைவெளியைக் கூட்டியிருக்கிறோம். காட்டுயானம் சாப்பிட ஆரம்பித்தது 2020-ல், ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு. பலகையில் அரிசியை எழுதினேன், ஊசியை எழுதவில்லை. சொந்த அனுபவம் என்று வேறு போட்டேன்.

இந்த நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெயரிலேயே குழப்பம் இருக்கிறது. நம் ஊரில் கழுத்து வலி என்றாலே 'ஸ்பாண்டிலைடிஸ்' என்கிறோம். வயசானால் கழுத்து எலும்பு தேய்ந்து வருகிற வலி வேறு. அதற்குப் பெயர் ஸ்பாண்டிலோசிஸ். நான் சொல்வது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ். இது தேய்மானம் இல்லை, அழற்சி. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே இடுப்புக் கூடும் முதுகுத் தண்டும் சேருகிற மூட்டில் போய் வேலையைக் காட்டும். அங்கே புண்ணாகி, ஆறி, ஆறுகிற இடத்தில் எலும்பு வளரும். வருஷக் கணக்கில் போனால் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்ரேயில் பார்த்தால் கணுக்கணுவாக மூங்கில் கழி மாதிரி இருக்கும். டாக்டர்களே அதை மூங்கில் முதுகு என்றுதான் சொல்கிறார்கள். என் இடுப்புக்கு மேலே ஒரு சாண் அளவுக்கு இப்போது மூங்கில்தான்.

பெரும்பாலும் இளம் வயதில் வரும், நாற்பத்தைந்துக்குள். வேலை செய்து வருகிற முதுகுவலி படுத்தால் குறையும். இது நேர் எதிர். படுத்தால் கூடும். பின்னிரவில் வலி எழுப்பிவிடும். காலையில் எழுந்தால் அரை மணி, ஒரு மணி நேரம் உடம்பு மரக்கட்டை. நடமாட ஆரம்பித்தால் இளகும். இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது இளவட்டம் ஒருத்தர் மூன்று மாசத்துக்கு மேல் இப்படிக் கஷ்டப்பட்டால், தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் ருமட்டாலஜி டாக்டரைப் பாருங்கள். எலும்பு டாக்டர் வேறு, இவர் வேறு. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்குத் தனித் துறையே இருக்கிறது.

எனக்கு வலி ஆரம்பித்தது 1987-ல், இருபத்தேழு வயசில். என்ன நோய் என்று தெரிந்தது 1998-ல். நடுவில் பதினோரு வருஷம். வங்கி நாற்காலி சரியில்லை என்றார்கள், புல்லட் ஓட்டுவதால் என்றார்கள், கல்யாணமானவுடன் வேறு மாதிரியும் கேலி பேசினார்கள். 1994-ல் ஒருவர் வாதத்துக்குச் சூரணம் கொடுத்தார். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது. ஆபீஸ் முழுக்க அவர் புகழைப் பாடினேன். நாலாவது மாசம் முகம் உப்பிப் போய், சர்க்கரையும் ஏறியது. அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று பிறகு பார்த்த டாக்டர் சொன்னார். நாட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலப்பது நம் நாட்டில் பல தடவை பிடிபட்ட விஷயம். முறையாகப் படித்த சித்த மருத்துவர்களை நான் குறை சொல்லவில்லை. பெயரில்லாத பொட்டலத்தைத்தான் சொல்கிறேன். மூன்று நாளில் பறக்கிற வாதம் இருந்தால், பொட்டலத்தைச் சந்தேகப்படுங்கள். அப்படி ஒன்றை மாசக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, டாக்டரிடம் சொல்லித்தான் நிறுத்த வேண்டும்.

கடைசியில் என் நோயைக் கண்டுபிடித்தவர் கண் டாக்டர். ஒரு நாள் காலையில் கண் ரத்தமாகச் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியவில்லை. பரிசோதித்துவிட்டு, "உங்களுக்கு முதுகு வலிக்குமா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த நோய்க்காரர்களுக்குக் கண்ணுக்குள் அழற்சி வருவது சகஜமாம். அப்புறம்தான் ஹெச்.எல்.ஏ. பி27 என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். இந்த மரபுக் குறிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதை 1973-ல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. குறி இருப்பவர்கள் எல்லாருக்கும் நோய் வராது, மிகச் சிலருக்குத்தான் வரும். அப்போ மீதிக் காரணம் எங்கே? இங்கேதான் சாப்பாடு உள்ளே வருகிறது.

நான் சாப்பாட்டை இளக்காரமாகப் பேசுகிறவன் இல்லை. நஞ்சில்லாச் சாப்பாடு வேண்டும் என்றுதானே ஒன்பது மா நிலத்தோடு இந்த இயக்கத்துக்கு வந்தேன். குடலுக்கும் முதுகுக்கும் சம்பந்தம் இருப்பதும் கற்பனை இல்லை. 1980-களில் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் இந்த வகை நோயாளிகளின் குடலைக் குழாய் விட்டுச் சோதித்தார்கள். வயிற்றில் எந்தத் தொந்தரவும் சொல்லாதவர்களில் கூடப் பல பேருக்குக் குடல் சவ்வில் நுண்ணிய அழற்சி இருந்தது. குரோன்ஸ் என்ற குடல் நோய் உள்ளவர்களில் சிலருக்கு இந்த முதுகு நோயும் வருகிறது.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஆலன் எபிரிங்கர் என்று ஒரு பேராசிரியர். குடலில் இருக்கும் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாதான் காரணம் என்றார் அவர். அந்தக் கிருமியின் ஒரு பகுதி பார்வைக்கு பி27 மாதிரியே இருக்கிறதாம். உடம்பு கிருமியை அடிக்கப்போய்த் தன்னையே அடித்துக்கொள்கிறது என்பது அவர் கணக்கு. அந்தக் கிருமிக்குத் தீனி மாவுச்சத்து. ஆகவே சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் குறைத்தால் கிருமி குறையும், நோயும் குறையும். 1996-ல் இதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். உலகம் முழுக்க நோயாளிகள் பலர் இதைப் பின்பற்றுகிறார்கள். ஆனால் உணவை மாற்றியவர்கள், மாற்றாதவர்கள் என்று சீட்டுப் போட்டு இரண்டு குழுவாகப் பிரித்து முறையாகச் செய்த பெரிய சோதனை ஒன்றும் இதற்கு ஆதாரமாக இல்லை. கிளெப்சியெல்லா கதையும் மற்ற ஆய்வுக்கூடங்களில் ஒரே மாதிரி நிரூபணமாகவில்லை.

இதைப் படித்துவிட்டு 2021-ல் நானே சோதித்துப் பார்த்தேன். நெல் விளைவிக்கிறவன் நாலு மாசம் சோற்றைத் தொடவில்லை. எங்க வீட்டு அம்மா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "வயல் பூரா நெல்லு, தட்டுல மட்டும் புல்லு" என்பாள். முட்டை, மீன், கீரை, புடலை, வெள்ளரி, தேங்காய், மோர். எதில் மாவுச்சத்து இருக்கிறது என்று பார்க்க டிங்சர் அயோடின் வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு துண்டை வெட்டி ஒரு சொட்டு விட்டால், மாவுச்சத்து இருந்தால் கருநீலமாக மாறும். வாழைக்காய் மசியாட்டம் கறுத்துவிடும். அதே வாழை நன்றாகக் கனிந்தபின் லேசாகத்தான் மாறும். பேரப்பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டாகப் போயிற்று. சோதித்த துண்டை மட்டும் சாப்பிடக் கூடாது. அப்போது எங்கள் காட்டுயானத்திலும் ஒரு சொட்டு விட்டேன். ஆலை அரிசி எப்படிக் கறுத்ததோ அப்படியே கறுத்தது. சிவப்பரிசியோ கருப்பரிசியோ, அரிசி என்றால் முக்கால் பங்கு மாவுச்சத்துதான். லண்டன் பேராசிரியர் சொல்வது சரி என்றால் காட்டுயானம் முதுகுக்கு எதிரி. நான் பலகையில் எழுதியது சரி என்றால் அவர் சொன்னது தப்பு. இரண்டையும் ஒரே மேடையில் பேசுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

நாலு மாச முடிவு என்ன? ஏழு கிலோ எடை குறைந்தது. காலை மரமரப்பு ஒரு மணி நேரத்திலிருந்து நாற்பது நிமிஷத்துக்கு வந்தது. சந்தோஷமாக டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டார்: "எடை குறைஞ்சிருக்கு. அந்த நாலு மாசத்துல வேற என்ன மாத்துனீங்க?" யோசித்தால், அந்தச் சமயத்தில்தான் காலையில் வரப்பு நடையை ஒரு மணி நேரமாக ஆக்கியிருந்தேன். நடவு முடிந்து வேலை குறைவு, நல்ல தூக்கம். ஊசியும் ஒரு தடவை கூடத் தவறவில்லை. ஒரே நாளில் மூன்று பதிவை மாற்றிவிட்டு, எந்தப் பதிவு கணக்கை நேராக்கியது என்று கேட்டால் எந்த ஆடிட்டரும் சொல்ல முடியாது. பிறகு மெல்ல மெல்லச் சோற்றுக்குத் திரும்பினேன். அளவு மட்டும் பாதி. மரமரப்பு கூடவில்லை.

ஆகவே எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எடை குறைந்தால் நல்லது. உடம்பு பருத்தவர்களுக்கு இந்த ஊசி மருந்துகள் சரியாக வேலை செய்வதில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன, அதனால் இது வெறும் அழகுப் பேச்சு இல்லை. ஐரோப்பிய ருமட்டாலஜி சங்கம் 2021-ஆம் ஆண்டுப் பரிந்துரையில் உணவு ஆய்வுகளை எல்லாம் சலித்துப் பார்த்துவிட்டு, குறிப்பிட்ட ஒரு உணவைச் சேர்த்தாலோ விட்டாலோ மூட்டு நோயில் பெரிய மாற்றம் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை, சமச்சீரான உணவும் சரியான எடையும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. சப்பென்று இருக்கிறது, இல்லையா? பலகையில் எழுதினால் ஒரு கிலோ கூட விற்காது.

இப்போது நான் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், உபதேசமாக இல்லை. காலையில் பழைய சோறு ஒரு கிண்ணம், அதோடு சின்ன வெங்காயம். ஊறுகாயை விட்டுவிட்டேன். காரணம் முதுகு இல்லை, ரத்த அழுத்தம். வருஷக் கணக்கில் வலி மாத்திரை விழுங்குகிறவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகத்துக்கும் சுமை. அதனால் அப்பளம், கருவாடு, ஊறுகாய் எல்லாம் குறைத்தாச்சு. கருவாட்டை விட்டதுதான் இன்றைக்கும் மனசுக்குக் கஷ்டம். வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடவே கூடாது, அது குடலைப் புண்ணாக்கும். எனக்கு ஒரு தடவை மலம் கறுத்துப் போய் ஆஸ்பத்திரியில் நாலு நாள் படுத்திருக்கிறேன். வாரம் மூன்று நாள் நாகப்பட்டினத்து மத்தி மீன். விலையும் மலிவு, நல்ல கொழுப்பும் அதில் இருக்கிறது. கேழ்வரகு, எள்ளு, முருங்கைக் கீரை, தயிர். இந்த நோயில் ஒரு பக்கம் எலும்பு தேவையில்லாத இடத்தில் வளரும், இன்னொரு பக்கம் முதுகெலும்பின் உள்ளே எலும்பு மெலிந்து போகும். வரப்பில் வழுக்கி விழுந்தால் கூட ஒட்டிப்போன முதுகு உடையலாம். சுண்ணாம்புச்சத்தும் வைட்டமின் டி-யும் அதனால்தான் முக்கியம்.

மஞ்சள் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். குழம்பில், பாலில் போடுகிற மஞ்சள் போடுங்கள், நானும் போடுகிறேன். மாத்திரையாக, பொடியாகக் கரண்டிக் கணக்கில் விழுங்குவது வேறு. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது சிகரெட். சிகரெட், பீடி பிடிக்கிறவர்களுக்கு முதுகு சீக்கிரம் ஒட்டுகிறது. இதற்கு ஆதாரம் உணவு ஆதாரங்களை விடப் பலமானது. 2001 வரை தினம் ஒரு பாக்கெட் ஊதியவன் நான். ஆனாலும் என்னிடம் வருகிறவர்கள் "உளுந்து சேர்க்கலாமா, புளி ஆகுமா" என்று கேட்பார்களே தவிர, பீடியைப் பற்றிக் கேட்டதில்லை. அடுத்தது உடற்பயிற்சி. தினம் காலையில் சுவரில் முதுகை ஒட்டி நிற்பது, குப்புறப் படுத்து எழும்புவது, ஆழ்ந்து மூச்சு விடுவது, முடிந்தால் குளத்தில் நீச்சல். மருந்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

மருந்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஊசி என்றது டி.என்.எஃப். என்ற பொருளைத் தடுக்கிற மருந்து. அழற்சியை ஊதிவிடுகிற பொருள் அது. முன்பெல்லாம் ஒரு ஊசியின் விலையைக் கேட்டால் பணப் பயிரே விற்க வேண்டும். அடலிமுமாப் என்ற மருந்தின் நிகர் மருந்து உலகத்திலேயே முதல் முதலாக 2014-ல் இந்தியாவில்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் என் மாதிரி ஓய்வூதியக்காரனுக்கு எட்டியது. இன்னும் பல ஆயிரம் ரூபாய்தான், கூலித் தொழிலாளிக்கு எட்டாது. அரசு இதற்கு என்ன செய்கிறது என்று நம் இயக்கம் கேட்க வேண்டும், அது தனிக் கட்டுரை. ஊசிக்கு முன்னால் காசநோய் இருக்கிறதா என்று கட்டாயம் சோதிக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிற காசநோயை இது எழுப்பிவிடலாம். ஆபத்தே இல்லாத மருந்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் இன்றைக்கு வரப்பில் நடப்பது அதனால்தான். ஒட்டிப்போன எலும்பை எந்த ஊசியும் பிரிக்காது, எந்த அரிசியும் பிரிக்காது. ஒட்டுவதற்கு முன்னால் பிடித்தால்தான் உண்டு. அந்தப் பையன் இழந்த ஏழு மாசம் என்னை உறுத்துவது அதனால்தான்.

டாக்டர்கள் மேலும் எனக்குக் குறை உண்டு. வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து உள்ளே போனால் இரண்டு நிமிஷம். "என்ன சாப்பிடறீங்க?" என்று ஒருத்தர் கேட்பதில்லை. நாமாகக் கேட்டால் "எல்லாம் சாப்பிடலாம்" என்று பேனாவை மூடுகிறார்கள். நோயாளிக்குச் சாப்பாடுதான் தன் கையில் இருக்கிற ஒரே விஷயம். அதைப் பற்றிப் பேச ஆள் இல்லாதபோது, பேசுகிற ஆளிடம் வருகிறான். அந்த ஆள் நாமாக இருக்கிறோம். வருகிறவனிடம் நாம் என்ன பேசுகிறோம் என்பதுதான் என் கேள்வி.

நம் இயக்கத்தில் பாரம்பரிய நெல் என்றாலே முதலில் ஞாபகம் வருகிற பெயர் நெல் ஜெயராமன் ஐயா. நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்களைத் தேடித் தேடி மீட்டுக் கொடுத்தவர். 2018 டிசம்பரில் புற்றுநோயில் காலமானார். சென்னையில் மருத்துவமனையில்தான் சிகிச்சை பெற்றார். அதனால் அவர் மீட்ட நெல்லின் பெருமை ஒரு மணி அளவு கூடக் குறையவில்லை. வெள்ளத்தில் நிற்கிற நெல், உப்பு நிலத்தில் விளைகிற நெல், உப்பு உரமில்லாமல் ஆளுயரம் வளர்ந்து மாட்டுக்கு வைக்கோலும் கொடுக்கிற நெல். இதைச் சொல்லி விற்பதில் நமக்கு என்ன வெட்கம்? மண்ணை எவ்வளவு நன்றாக வைத்திருந்தாலும் மார்கழிப் பனியில் குலைநோய் வருகிற வருஷம் வரத்தான் செய்கிறது. வந்துவிட்டால், மண் நல்ல மண்ணாயிற்றே என்று நாம் யாரும் சும்மா இருப்பதில்லை.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்கிறேன், பழைய வங்கிப் பழக்கம். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர சிகிச்சைகள் ஆட்சேபகரமான விளம்பரச் சட்டம், ஒரு பட்டியல் போட்டு, இந்த நோய்களைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் மூட்டு வாதமும் இருக்கிறது. உணவுப் பொட்டலத்தில் நோயைத் தீர்க்கும் என்று போடுவதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகளும் தடுக்கின்றன. என் பலகை இரண்டிலும் மாட்டும். பெரிய கம்பெனிக்காரன் சத்து மாவு டப்பாவில் பொய் எழுதினால் நாம் கொடி பிடிக்கிறோம். நம்ம பொட்டலத்தை யார் பார்க்கிறது?

ஆடி மாசக் கூட்டத்தில் எங்கள் குழுவில் இதை வைத்தேன். பொட்டலத்தில் ரகத்தின் பெயர், விளைந்த ஊர், எத்தனை நாள் பயிர், சமைக்கும் முறை, விலை. இவ்வளவு போதும், நோய்ப் பெயர் ஒன்றும் வேண்டாம் என்றேன். ஒரு நண்பர் எழுந்து, "நீங்க ஓய்வூதியம் வாங்கறீங்க சார், உங்களுக்கு விக்கலேன்னாலும் சோறு உண்டு. எங்களுக்கு மூட்டை தேங்கினா வட்டி யார் கட்டறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 'சர்க்கரைக்கு', 'மூட்டுக்கு' என்று எழுதிய மூட்டைதான் முதலில் காலியாகிறது என்பது எனக்கும் தெரியும். அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் அன்றைக்கு ஒன்றும் இல்லை. இன்னும் முடிவாகவில்லை. என் மூட்டைகளில் மட்டும் மாற்றிவிட்டேன். கார்த்திகை வரைக்கும் விற்பனை எப்படி என்று கணக்கு வைத்துக் கூட்டத்தில் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பையனிடம் அன்றைக்குக் கடைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசினேன். என் சட்டையைத் தூக்கி, ஊசி போடுகிற இடத்தை வயிற்றில் காட்டினேன். "தம்பி, பலகையில நான் இதை எழுதல. தப்பு என்னோடது" என்றேன். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "மாத்திரை வயித்தெரிச்சல் தாங்க முடியல சார், அதான் உங்க பலகையைப் பிடிச்சுக்கிட்டேன்" என்றான். வயிற்றெரிச்சலை டாக்டரிடம் சொன்னால் மாத்திரையை மாற்றுவார்கள், கூடவே வயிற்றுக்கும் ஒன்று கொடுப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. கிளம்பும்போது அம்மாவிடம் அரிசி கொடுக்காமல் அனுப்பினேன். "முதல்ல டாக்டர், அப்புறம் அரிசி" என்று சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

போன வாரம் போன் பண்ணினார். பையனுக்கு ஸ்கேன் எடுத்தாச்சாம், காசநோய்ப் பரிசோதனையும் முடிந்ததாம், முதல் ஊசி போட்டு மூன்று வாரம் ஆகிறதாம். காலையில் தானாகக் கட்டிலை விட்டு எழுந்திருக்கிறான் என்றார். "இப்பவாவது அந்த இருபது கிலோவை அனுப்புவீங்களா சார்?" என்று கேட்டார். லாரி பார்சலில் போட்டுவிட்டேன். ஒரு விஷயம் மட்டும் குறைபட்டுக்கொண்டார். "உங்க அரிசி வேகவே மாட்டேங்குது சார்." முந்தின நாள் ராத்திரியே ஊற வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.